அவரைக்குத் தெரியும் தை மாதம்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: குடும்பத்துக்கு நிறைவு தருவது உள்ளூர் விளைச்சலே! வெளியூர் வரவே! – "உள்ளூர் விளைச்சலே" அணியில் இரண்டாவதாகப் பேசியது)

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் ஆப்பிள் மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே! (சிரிப்பு) தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "அக்கா ரசத்துக்குக் கிள்ளிப் போடுற மிளகாயே வெளிநாட்டுச் சரக்குதான். தக்காளி வெளிநாடு, உருளைக்கிழங்கு வெளிநாடு, நிலக்கடலை வெளிநாடு. இதையெல்லாம் எடுத்துட்டா அக்கா சமையல்ல மிச்சம் என்ன? உப்புதான்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஏனென்றால் தம்பி சொன்னது உண்மை. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினானே, அதற்குப் பிறகு போர்த்துக்கீசியர் கப்பலில்தான் அமெரிக்காவில் விளைந்த மிளகாய் நம் மண்ணுக்கு வந்தது. அதற்கு முன்னால் நமக்கு உறைப்பு என்றால் மிளகுதான். புதிதாக வந்ததற்குப் பேர் வைக்கத் தெரியாமல் மிளகு மாதிரி உறைக்கிற காய், மிளகாய் என்று வைத்துக்கொண்டோம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தம்பி, வந்த மிளகாய் என்ன செய்தது? எங்கள் இராமநாதபுரம் சீமையில் வந்து குடியேறியது. நான் முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழை பெய்கிறதை வாங்கிக்கொண்டு, மாசி பங்குனியில் பழுக்கிற குண்டு மிளகாய் ஒன்று உண்டு. முண்டு மிளகாய் என்போம். உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி இருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். "இது இராமநாதபுரத்துச் சரக்கு, வேறு ஊர்க்காரன் இந்தப் பேரைச் சொல்லி விற்கக் கூடாது" என்று சட்டமே சொல்லிவிட்டது. நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்த மருமகளை இன்னும் "அவ வெளியூர்க்காரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிற மாமியார் மாதிரி அல்லவா இருக்கிறது தம்பி பேசுகிறது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அவள் எப்போதோ இந்த வீட்டுக்காரி ஆகிவிட்டாள். இன்னும் சொன்னால், இப்போது மாமியார் ஆகி அதிகாரம் பண்ணுவதும் அவள்தான்.

ஆகவே நடுவர் அவர்களே, எங்கள் அணி "உள்ளூர்" என்று சொல்வது அதனுடைய பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று விசாரிக்கிற உள்ளூர் அல்ல. அது எந்த மண்ணில், எந்த மழையில், யார் கையால் விளைந்தது என்று கேட்கிற உள்ளூர்.

மிளகாய் வருவதற்கு முன்னால் தமிழன் என்ன சாப்பிட்டான் என்று தெரிய வேண்டுமா? ஆராய்ச்சி மாணவர்கள் நூலகம் நூலகமாக அலைய வேண்டாம். நம்மில் பல வீடுகளில் திதிக்குச் சமைப்பார்கள், போய்ப் பாருங்கள். அன்றைக்குத் தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, கேரட், முட்டைக்கோஸ் கிடையாது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், பாகற்காய், அவரைக்காய், பிரண்டை, சேப்பங்கிழங்கு. ஏன்? செத்துப்போன தாத்தாவுக்குத் தாத்தாவைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். அவருக்குத் தெரிந்த காயைத்தானே போட முடியும்? அவர் இலையில் காலிபிளவரை வைத்தால் "இதென்னடா பூவைக் கொண்டாந்து வச்சிருக்கான்" என்று எழுந்து போய்விட மாட்டாரா? (சிரிப்பு)

பொங்கலன்று பல வீடுகளில் ஏழு கறிக் குழம்பு வைக்கிறோமே, அதில் என்ன போடுகிறோம்? பூசணி, அவரை, மொச்சை, வாழைக்காய், கருணை, சேனை, சர்க்கரைவள்ளி. பீன்ஸ் போடுகிறோமா? காய்கறிக் கடைக்காரரைக் கேளுங்கள், இன்றைக்கும் அவர் காயை இரண்டாகத்தான் பிரிப்பார். கத்திரி, வெண்டை, அவரை எல்லாம் "நாட்டுக் காய்". கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் "இங்கிலீஷ் காய்". ஊட்டி மலையில் 1820களில் கலெக்டர் சல்லிவன் காலத்தில் வெள்ளைக்காரன் பயிர் வைக்க ஆரம்பித்தான். நம் ஊர்க்காரன் சாப்பிட்டான், ருசித்தான், ஆனால் பேரில் மட்டும் அவனை விடவில்லை பாருங்கள்!

நடுவர் ஐயா தமிழய்யா என்பதால் ஒரு இலக்கணச் செய்தி சொல்கிறேன். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் என்று ஒரு பட்டியல் போடுகிறார். அதில் முதலில் தெய்வம். இரண்டாவது என்ன தெரியுமா? உணவு! அதற்குப் பிறகுதான் விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம். சாமிக்கு அடுத்த இடம் சோற்றுக்கு. (கைதட்டல்) அந்தச் சோறும் நிலத்துக்கு நிலம் வேறு. குறிஞ்சிக்குத் தினை, மூங்கிலரிசி. முல்லைக்கு வரகு, சாமை. மருதத்துக்குச் செந்நெல், வெண்ணெல். எதிரணி அண்ணன் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். "நெய்தலை விட்டுவிட்டாயே அம்மா" என்று சிரிக்கிறார். விடவில்லை அண்ணே, வருகிறேன். நெய்தல் நிலத்துக்கு உணவு, மீனும் உப்பும் விற்று வாங்கிய பொருள். அதாவது வெளியூர் வரவு! இலக்கணமே உங்கள் பக்கம் ஒரு ஓட்டுப் போட்டிருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அடுத்து பாலை இருக்கிறதே, பாலை நிலத்துக்கு உணவு எது? வழிப்பறி செய்த பொருள், ஊரில் புகுந்து கொள்ளையடித்த பொருள்! இன்றைக்குப் பெரிய கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற வெளிநாட்டுப் பழத்தின் விலைச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலைத்திணைதான் ஞாபகம் வருகிறது. (பலத்த சிரிப்பு) கொள்ளை யார் பக்கம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் முடிவு செய்யட்டும்.

அண்ணன் இன்னொன்று சொன்னார். "இப்போ எல்லா மாசமும் எல்லாம் கிடைக்குது. மார்கழியில மாம்பழம் வேணுமா, இருக்கு. இதைவிட என்ன நிறைவு வேணும்?" என்றார்.

கிடைக்கிறது அண்ணே. ஆப்பிளைக் குளிர்பதனக் கிடங்கில் காற்றைக்கூட அளந்து விட்டு மாசக்கணக்கில் தூங்க வைத்து, எழுப்பிக்கொண்டு வந்து கொடுக்கிறார்கள். நமக்கு அது புதுசு என்று தோன்றுகிறது. ஆனால் கிடைக்கிறது வேறு, வருகிறது வேறு. சித்திரையில் நுங்கு வருகிறது. ஆனியில் பலா வருகிறது, வீட்டுக்குள் கொண்டு வருவதற்கு முன்னால் வாசனை தெருவுக்கே தந்தி அடித்துவிடுகிறது. ஆடி ஆவணியில் நாவல்பழம் வந்தால் பிள்ளைகள் நாக்கை நீட்டி நீட்டிக் காட்டுகின்றன. புரட்டாசியில் சீத்தாப்பழம். தையில் பனங்கிழங்கு. திருநெல்வேலிப் பக்கம் போனால் இந்த ஒரு மாசம்தான் சிறுகிழங்குக்கு ராஜ மரியாதை. அதைத் தோல் எடுக்க வீட்டில் உள்ள அத்தனை பேரும் உட்கார வேண்டும். மண் போகத் தேய்க்கிறபோதுதான் நாத்தனார் சங்கதியெல்லாம் வெளியே வரும். (சிரிப்பு)

அவரைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி அவரை இருக்கிறதே, அது லேசில் ஏமாறாது. நீங்கள் முன்னாலேயே போட்டு, தண்ணீரும் எருவும் அள்ளி அள்ளிக் கொடுத்தாலும் கொடி மட்டும் கூரை மேல் ஏறும், பூக்காது. பகல் பொழுது சுருங்க வேண்டும், பனி இறங்க வேண்டும், அப்போதுதான் பூக்கும். "பனிக்குத்தான் அவரை" என்று எங்கள் அம்மா சொல்வார். செடிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். பகலின் நீளத்தை அது அளக்கிறதாம். ஆடியில் ஊன்றினால் தையில் பானைக்கு வரும். வருஷம் பூராவும் காய்க்கிற குத்துச்செடி ரகங்கள் வந்துவிட்டன, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தை அவரையின் ருசி வேறு. அது ஆறு மாசம் காத்திருந்த ருசி.

சரி, பட்டணத்தில் இருக்கிறவர்கள் உள்ளூர் விளைச்சலுக்கு எங்கே போவது? மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1999 நவம்பர் 14ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில்தான் திறந்தது. விளைவிக்கிறவரே அடையாள அட்டையோடு வந்து, தராசும் கடையும் வாடகை இல்லாமல் வாங்கிக்கொண்டு, அன்றன்றைக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்ட விலைக்கு விற்கிற ஏற்பாடு. தரகருக்கு அங்கே வேலை இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஆறு மணிக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ஒரு அம்மாவிடம், "ஏம்மா, பாகக்கா இப்படிக் கோணமாணலா இருக்கு?" என்று கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏந்தாயி, ஒன் வீட்ல உள்ளதுக எல்லாம் நேராவா இருக்குதுக?" என்றது. (பலத்த சிரிப்பு) எங்கள் வீட்டுக்காரர் கூடவே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கிலோ வாங்கிவிட்டோம்! பெரிய கடையில் பாகற்காய் வாங்கினால் இப்படிப் பதில் கிடைக்குமா? அங்கே சீட்டு வரும், பேச்சு வராது.

இனி நான் சொல்லப் போவதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் ஊரில் விவசாயம் தனி ஆள் வேலை இல்லை. சித்திரை பிறந்தால் பொன்னேர் பூட்டுவார்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரவர் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, ஒரே நிலத்தில் ஒன்றாக ஏர் ஓட்டி, விதையைத் தூவிவிட்டு அப்புறம்தான் அவரவர் நிலத்துக்குப் போவார்கள். இப்போது மாட்டுக்குப் பதில் டிராக்டர் வரிசையாக நிற்கிறது, பொட்டும் மாலையும் அதற்குப் போடுகிறார்கள். போகட்டும், சேர்ந்து நிற்கிறார்களே, அது போதும்.

அப்புறம் முளைப்பாரி. ஊரில் எல்லார் வீட்டிலிருந்தும் தானியம் வாங்கி, பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை என்று ஊறவைத்து, ஓட்டிலும் சட்டியிலும் எருவும் வைக்கோலும் பரப்பி விதைத்து, வெளிச்சம் படாத ஒரு வீட்டுக்குள் வைத்து வளர்ப்பார்கள். ராத்திரி ஆனால் கும்மி. இருட்டில் வளர்கிற முளை வெளிச்சத்தைத் தேடித் தேடி நெட்டையாக, வெளிர் மஞ்சளாக நிற்கும். கடைசி நாள் பெண்கள் தலையில் வைத்து ஊர்வலமாகப் போய்க் கண்மாயில் கரைப்பார்கள். சாமி காரியம்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதில் இன்னொரு காரியமும் பார்த்தார்கள். யார் வீட்டு விதை நன்றாக முளைத்திருக்கிறது, யாருடையது சொத்தை என்று விதைப்புக்கு முன்னால் ஊருக்கே தெரிந்துபோகும். நல்ல விதை உள்ள வீட்டில் மற்றவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். விஞ்ஞானிகள் பரிசோதனைச் சாலையில் செய்கிறதை எங்கள் அத்தைமார் கும்மியடித்துக்கொண்டே செய்தார்கள். (கைதட்டல்)

எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். அவருக்கு ஒரு சட்டம் உண்டு: விதை கேட்டு வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. எங்கள் கொல்லையில் ஒரு அவரை இருந்தது. காயின் ஓரத்தில் மட்டும் ஊதாக் கோடு ஓடும், சேலைக்குக் கரை வைத்த மாதிரி. அந்த விதையைச் செம்மண் கட்டிக் காயவைத்து, துணியில் முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் வைத்திருப்பார். ஆடி பிறந்ததும் எடுத்து, நாங்கள் ஊன்றுவதற்கு முன்னால் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஐந்து ஐந்தாக எண்ணிக் கொடுப்பார். நான் சின்னப் பெண். "நமக்குக் குறைஞ்சு போகாதாம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "குடுத்து வச்சாத்தான்டி தங்கும்" என்பார். அது ஏதோ புண்ணியக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

2018 புரட்டாசியில் அம்மா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, பரணில் இருந்த அந்த முடிச்சை மட்டும் எடுத்து வந்து மதுரை வீட்டில் பீரோவில் வைத்தேன். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக! படித்த முட்டாள்தனம் என்றால் அதுதான் ஐயா. விதையைப் பீரோவில் வைக்கலாமா? அம்மாவின் ஞாபகம் என்று வைத்துக்கொண்டேன். ஊன்றவே இல்லை.

2020 வந்தது. ஊரடங்கு. மே மாதம் கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். மதுரையில் மைதானங்களில் கோடு போட்டு நிற்க வைத்துக் காய் கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தபோதுதான், ஆடி வரப் போகிறதே என்று ஒரு நாள் பீரோவைத் திறந்து முடிச்சை அவிழ்த்தேன். வண்டு துளைத்து மாவாகக் கொட்டியது. ஒரு விதைகூட முழுசாக இல்லை. அம்மா இறந்த அன்று காரியங்களுக்கு நடுவில் நான் சரியாக அழவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன். எத்தனை தலைமுறை கைமாறி வந்ததோ, என் பீரோவில் வந்து முடிந்துபோனது.

வீட்டுக்காரர்தான் சொன்னார், "ஊருக்கு ஒரு போன் போட்டுப் பாரேன்" என்று. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டு அத்தைக்குப் போட்டேன். "அத்த, அம்மா வச்சிருந்த அந்தக் கரை போட்ட அவரை…" என்று ஆரம்பிப்பதற்குள் அத்தை சிரித்துவிட்டது. "அதுக்கா அழுகுற? ஒங்காத்தா குடுத்ததுதானடி எங்க கொல்லையில படந்து கெடக்கு. எங்கிட்ட இருந்து எம்மக வாங்கிட்டுப் போயி பரமக்குடியிலயும் போட்டிருக்கா. ஒனக்கு எத்தன வேணும்?" என்றது.

(கைதட்டல்)

குடுத்து வச்சாத்தான் தங்கும் என்று அம்மா சொன்னது புண்ணியக் கணக்கு இல்லை ஐயா. பச்சையான நடைமுறைக் கணக்கு. வீட்டில் வைத்தது வண்டுக்குப் போனது. தெருவில் கொடுத்தது திரும்பி வந்தது.

விதை வருவதற்கு வழி வேண்டுமே? பேருந்து ஓடவில்லை. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குக் கருவாடு ஏற்றி வந்த ஒரு வண்டியில் அத்தை பொட்டலத்தைக் கொடுத்துவிட்டது. வந்து சேர்ந்த விதை, பார்ப்பதற்கு அவரை, மோந்து பார்த்தால் நெத்திலி! (பலத்த சிரிப்பு)

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டு, ஆகஸ்டு 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் முழு ஊரடங்கு. எங்கள் தெருவில் அதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் அதிகம் பேச்சு கிடையாது. மாடித் தண்ணீர் அவர் சுவரில் விழுகிறது, இவர் வண்டி என் வாசலில் நிற்கிறது என்ற அளவில்தான் உறவு. நான் ஐந்து ஐந்து விதையாக மடித்து, முதல் நாளே வாசல் கம்பிக்கதவில் சொருகிவிட்டு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு வீட்டு மொட்டைமாடியிலும் ஆள் நிற்கிறது. ஒருவர் பெயிண்ட் டப்பாவில் ஊன்றுகிறார், ஒருவர் உடைந்த வாளியில், ஒரு வீட்டம்மா பழைய குக்கரில்! எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் மாடியிலிருந்தே சத்தம் போட்டுக் கேட்கிறார்: "டீச்சரம்மா, கண்ணு மேல பாக்கணுமா, கீழ பாக்கணுமா?" எனக்கு எங்கே தெரியும்? நான் தொல்காப்பியம் படித்தவள்! போனில் அத்தையைக் கேட்டு, மாடியில் நின்று அறிவிப்புச் செய்தேன். ஊரடங்கிய தெருவில் அன்றைக்கு எங்கள் மாடிகள் மட்டும் திருவிழா மாதிரி இருந்தன.

இரண்டு வீட்டில் முளைக்கவில்லை. ஒரு வீட்டில் முளைத்ததை அணில் தின்றது. என் வீட்டில் அசுவினி அப்பி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து வேட்டி, சட்டை எல்லாம் கசந்தது. கார்த்திகை முடிகிற வரைக்கும் வெறும் கொடிதான். மார்கழிப் பனியில்தான் பூத்தது. 2021 தைப் பொங்கலன்று குழம்புக்கு எங்கள் காய்! கரை போட்ட அவரை!

எங்கள் வீட்டுக்காரர் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேனாவை எடுத்தார். தொட்டி, செம்மண், தொழு உரம், தென்னைநார்க் கழிவு, பந்தல் கயிறு எல்லாம் சேர்த்து 1,860 ரூபாய். பறித்த காய் 400 கிராம். "உங்க உள்ளூர் விளைச்சல் கிலோ 4,650 ரூபாய் வருது. இதுக்குப் பாதாம்பருப்பே வாங்கியிருக்கலாம்" என்றார். (பலத்த சிரிப்பு) எதிரணி கைதட்டுகிறது, தட்டுங்கள். நான் பதில் சொல்லவில்லை. குழம்பை ஊற்றினேன். மனுஷர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது தரம் கரண்டியைத் தானே எடுத்தார். அடுத்த ஆடிக்குத் தொட்டி கழுவி வைத்தது அவர்தான். இரண்டாவது வருஷம் தொட்டிச் செலவு இல்லை என்பதால் கிலோ கணக்கையும் அவரே குறைத்து எழுதிக்கொண்டார்.

வெளியூர் வரவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் எங்கள் அம்மாவே என்னை மன்னிக்க மாட்டார். மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் சீமைக்காரர்கள் சாப்பிட்டது எங்கேயோ விளைந்து ரேஷன் கடைக்கு வந்த அரிசியைத்தான். உயிரைக் காப்பாற்றிய சோறு அது. அதைப் பழித்தால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அம்மா அந்த வருஷங்களிலும் விதை முடிச்சை மட்டும் அவிழ்த்து வேகவைக்கவில்லை. பிள்ளைகள் பசி என்று அழுதபோதும் தொடவில்லை. அடுத்த ஆடியை அவர் வேறு யாரிடமும் ஒப்படைக்கத் தயாராக இல்லை.

அப்படித் தொடாமல் வைக்காததால் போனவை எத்தனை! விருப்பாச்சி மலைவாழை தெரியுமா? பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பழம். 1970களில் முடிக்கொத்து நோய் வந்து மலை மலையாக அழிந்தது. விஞ்ஞானிகள் நோயில்லாத கன்றைத் திசு வளர்ப்பில் உண்டாக்கித்தான் கொஞ்சம் மீட்டார்கள். நெல்லில் எத்தனையோ ரகம் பேர் தெரியாமலே போயிற்று. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்தார். நம்மாழ்வாரின் சீடர். நெல் ஜெயராமன் என்றே பேராகிப்போனது. வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் கொடுப்பார், காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அம்மா போன அதே வருஷம். அவரைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தபோது, "அட, அம்மாவின் கணக்குத்தானே இது" என்று தோன்றியது. அம்மா மட்டும் திருப்பிக் கேட்டதில்லை.

மணி அடிக்கிறது… நடுவர் ஐயா, ஒரே நிமிஷம். கூட அடித்தாலும் பரவாயில்லை, என் கைப்பையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். (நடுவரிடம் ஒரு சிறு பொட்டலத்தைக் கொடுக்கிறார்) பயப்படாதீர்கள், லஞ்சம் இல்லை! (சிரிப்பு) ஐந்து அவரை விதை. மோந்து பார்க்க வேண்டாம், இது எங்கள் மாடியிலேயே விளைந்தது, நெத்திலி வாசம் போய்விட்டது. எதிரணி அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட ஒவ்வொரு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஆடியில் ஊன்றுங்கள். கண் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று சந்தேகம் வந்தால் என்னைக் கேட்காதீர்கள், எங்கள் அத்தை நம்பர் தருகிறேன்.

(பலத்த கைதட்டல்)